கூடத்திற்குள் ஒரு குளம்

இல்லத்தில் பெரியதொரு மீன்தொட்டி அமைக்க விரும்புவோர் முதற்கண் அளப்பது, அத்தொட்டி நிற்கப்போகும் சுவரைத்தான். சுவர் 7 அடி நீளம் உடையதாயின் 6 அடித் தொட்டி தாராளமாகப் பொருந்தும் என்று முடிவுசெய்து, கடைக்குச் சென்று முன்பணமும் கொடுத்துவிடுகின்றனர். கடைக்கும் அந்தச் சுவருக்கும் இடையில் உள்ள வழியை அளப்பவர் மிகச் சிலரே. அளவாத அந்த வழியில் நேரும் இடர்களையும், அவற்றை நீக்கும் முறைகளையும் பற்றியே இங்கு நாம் பேச எண்ணுகிறோம்.

தில்லியில், யமுனைக்குக் கிழக்கே மயூர் விஹார் பகுதியில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றை நாம் நன்கு அறிவோம். அக்குடும்பத்துப் பெரியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். முழங்கால் வலி முற்றியதிலிருந்து, மருத்துவரைக் காணச் செல்லும் நாட்கள் நீங்கலாக அவர் படியிறங்குவதே இல்லை. நாற்காலியில் அமர்ந்தபடியே பார்த்திருக்க உயிருள்ளதாக ஏதேனும் ஒன்று வேண்டும் என்று அவர் ஒருநாள் சொன்னார். நாய் வேண்டாம், அதை வெளியே நடத்திச் செல்ல ஆளில்லை. பறவையைக் கூண்டில் அடைக்க அவருக்கு மனமில்லை. மீன் என்று முடிவாயிற்று. தந்தையார் கேட்பது இது ஒன்றுதானே என்று மகனார் 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றைச் செய்யச் சொல்லிவிட்டார்.

அளவைச் சொல்லும்பொழுது எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் 12 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 30 கிலோ நிறையுடையது. மேற்சொன்ன தொட்டிக்கு அத்தகைய கண்ணாடி சற்றேறக்குறைய 4 சதுர மீட்டர் வேண்டும். ஆகவே ஒரு துளி நீரும் இல்லாத வெறுந்தொட்டியே 120 கிலோவைத் தாண்டிவிடும். அதைச் சுமந்து வர ஆறு பேர் வந்தனர். படிக்கட்டுத் திருப்பத்தில்தான் தொல்லை வரும் என்று அனைவரும் அஞ்சினர். அங்கு வரவில்லை. மாடிப்படியின் கைப்பிடிச் சுவர் இடுப்பளவே உயரமாதலால், தொட்டியை அதற்கு மேலாகத் தூக்கி, மெல்லத் திருப்பி, மூச்சு வாங்க இரண்டாம் மாடிக்குக் கொண்டுவந்து சேர்த்தனர். வாயிற்கதவிலும் நுழைந்தது. கதவைத் தாண்டி 3 அடி அகலமுள்ள நடை. அந்நடை சில அடி சென்று வலப்புறம் திரும்பிக் கூடத்தை அடைகிறது. திரும்பிய பின்னும் அகலம் அதே 3 அடி. அங்கே தொட்டி நின்றுவிட்டது. முன்னும் செல்லாது, சிறிது வற்புறுத்தியதில் சுவரின் பூச்சு உதிர்ந்ததே மிச்சம். கடைசியில் அதைப் பின்னோக்கி இழுத்து, மாடிப்படித் தலைப்பில் பழைய கம்பளி ஒன்றின் மீது இறக்கி வைத்துவிட்டுச் சுமையாட்கள் கூலியைப் பெற்றுக்கொண்டு போயினர்.

ஒன்பது நாட்கள் அத்தொட்டி அங்கேயே கிடந்தது. மேல்மாடியில் இருப்போர் ஒதுங்கி ஒதுங்கி ஏறி இறங்கினர். வாயிற்கதவு திறக்குந்தோறும் பெரியவர் தம் நாற்காலியிலிருந்து அதனைக் காண முடிந்தது. ‘அங்கேயே மீனை விட்டுவிடலாமே’ என்று அவர் வேடிக்கையாகச் சொன்னாராம். மகனாருக்குச் சிரிப்பு வரவில்லை.

அது ஏன் திரும்பவில்லை? இதற்கு எளியதொரு கணக்கு உண்டு. ஒரே அகலமுள்ள இரண்டு நடைகள் செங்கோணமாகச் சந்திக்கும் மூலையில், நடையின் அகலத்தை 1.414 என்னும் எண்ணால் பெருக்குக; அதிலிருந்து பொருளின் அகலத்தைக் கழிக்க; எஞ்சியதை இரட்டிக்க. கிடப்பது அந்த மூலையில் திரும்பக்கூடிய மிகுந்த நீளம். நம் நண்பரின் நடை 3 அடி, பெருக்கினால் 4.24. தொட்டியின் அகலமான 2 அடியைக் கழித்தால் 2.24, இரட்டித்தால் ஏறக்குறைய நாலரை அடி. ஆறடித் தொட்டிக்கு ஒன்றரை அடி இடம் போதவில்லை. எவ்வளவு வலிமையாகத் தள்ளியும் பயனில்லாமற் போனது இதனாலேயே. தொட்டியின் அகலத்தை ஒன்றே கால் அடியாகக் குறைத்திருந்தாலுங்கூட, கால் அங்குலத்திற்கும் குறைவான இடமின்மையால் அது சிக்கியிருக்கும். கணக்கில் விருப்பமில்லாதவர்கள் வேறொன்று செய்யலாம். பழைய செய்தித்தாள்களை ஒட்டி, தொட்டியின் அடித்தளத்தின் அளவுக்கு விறைப்பான அட்டை போலச் செய்து, அதைத் தரையோடு தரையாக நடையில் தள்ளிப் பார்க்கலாம். தாள் மடங்கும் இடத்தில் கண்ணாடி உடையும் என்று கொள்க. தூக்குவோரின் விரல்களுக்கும் இருபுறமும் இரண்டங்குலமாவது இடம் விட வேண்டும் என்பதையும் மறத்தலாகாது. வழியை அளந்தவர்களிலும் பலர் விரல்களை அளப்பதில்லை.

தொட்டியை நெட்டுக்குத்தாக நிறுத்திக் கொண்டுபோகக் கூடாதா என்று நேயர்கள் கேட்கலாம். கேட்கத்தக்க கேள்வியே. நிறுத்தினால் அது 2 அடிக்கு 2 அடிச் சதுரமே. எந்த மூலையிலும் திரும்பிவிடும். சிறு தொட்டிகளை அவ்வாறு கொண்டுபோவதும் உண்டு. ஆயினும் 120 கிலோ நிறையும் அப்பொழுது ஒரு சிறிய பக்கக் கண்ணாடியின் மீதும், அதன் ஒட்டுகளின் மீதும் விழுகிறது. அவ்வொட்டுகள் வேறு வகைப் பளுவைத் தாங்குவதற்காகப் போடப்பட்டவை. மேலும், படுத்திருக்கும் பெட்டியை நிமிர்த்தும்பொழுது அதன் மூலைவிட்டம் மேலே எழும்பும். இங்கு அது 6 அடி 4 அங்குலம். நடையின் மேல் பரண் கட்டியிருக்கும் வீடுகளில் இது பரணில் இடித்துக்கொள்ளும். நம் நண்பர் வீட்டிலும் பரண் இருந்தது. நிமிர்த்திக் கொண்டுபோகும் வழி கைவிடப்பட்டது.

இவ்விடத்தில் சிறிது பழைய வரலாற்றைக் காண்பது பயன்படும். மீன்களைக் கண்ணாடிக்குள் வைத்து வீட்டுக் கூடத்தில் காட்சிப்படுத்தும் வழக்கம் இங்கிலாந்தில் 1850-களில் பெருகியது. இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் 1853-இல் பொதுமக்களுக்கான மீன் இல்லம் திறக்கப்பட்டது. அதற்கு மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கையியலார் எழுதிய நூலால் ‘அக்வேரியம்’ என்னும் சொல் பரவிற்று. இலத்தீனில் அச்சொல்லுக்குக் கால்நடைகள் நீர் அருந்தும் இடம் என்பதே பொருள். ஆங்கிலத்தில் தொட்டியும் அச்சொல்லே, தொட்டிகள் பல நிறைந்த கட்டடமும் அச்சொல்லே. தமிழில் நாம் ஒன்றை மீன்தொட்டி என்றும் மற்றதை மீன் காட்சிச்சாலை என்றும் பிரித்துச் சொல்வது தெளிவாகவே இருக்கிறது. அந்நாளைய தொட்டிகள் இரும்புச் சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்தி, இடுக்குகளில் மக்கு அடைத்துச் செய்யப்பட்டவை. அடித்தளத்திற்குக் கற்பலகை இடுவதும் உண்டு. அவை மிகப் பளுவானவை என்பதோடு, சற்றே முறுக்கினாலும் மக்கு வெடித்து நீர் ஒழுகும் தன்மையுடையவை. சிலிக்கோன் என்னும் பசை 1960-களில் பயனுக்கு வந்த பின்னரே சட்டமில்லாத, முழுதும் கண்ணாடியாலான தொட்டி இயல்வதாயிற்று. அதாவது, இன்றைய மீன்தொட்டி என்பது ஐந்து கண்ணாடிப் பலகைகளும் சிறிது பசையுமே தவிர வேறில்லை.

நண்பருக்கு வழி திறந்ததும் இந்த உண்மையினால்தான். பெட்டி நுழையாத மூலையில் பலகை நுழையுமா? முன் சொன்ன கணக்கையே போட்டுப் பார்ப்போம். பலகையை விளிம்பின் மீது நிறுத்திக் கொண்டுபோனால் அதன் அகலம் ஓர் அங்குலத்திற்கும் குறைவு. ஆகவே 3 அடி நடையின் மூலையில் 8 அடிப் பலகையும் திரும்பும். 6 அடிப் பலகைக்குத் தடையே இல்லை. நிறையோ 34 கிலோவிற்கு மிகாது. இரண்டு பேர் போதும். கூடத்திலேயே தொட்டியைக் கட்டிவிடுவது என்று முடிவாயிற்று. செய்து கிடந்த தொட்டியைக் கடைக்காரர் மூன்றில் ஒரு பங்கு கழித்துக்கொண்டு திரும்ப எடுத்துக்கொண்டார். அந்தக் கழிவை, வழியை அளவாமைக்கு இறுத்த வரி என்று மகனார் இன்றும் குறிப்பிடுகிறார்.

ஆனால் அதற்குள் மற்றொரு கேள்வி எழுந்தது. அதை எழுப்பியவர் கீழ்வீட்டுக்காரர். அவர் கேட்டதில் நியாயம் முழுதும் இருந்தது. ‘உங்கள் குளம் என் தலைக்கு மேல் அல்லவா இருக்கப் போகிறது?’ என்றார் அவர்.

6 அடிக்கு 2 அடிக்கு 2 அடி என்றால் 24 கன அடி. அதில் 680 லிட்டர் நீர் கொள்ளும். லிட்டருக்கு ஒரு கிலோ. கண்ணாடி, மணல், இரும்புத் தாங்கி எல்லாம் சேர்த்தால் 900 கிலோவைத் தாண்டும். இவ்வளவும் ஒரு சதுர மீட்டரைச் சிறிதே மிஞ்சும் இடத்தில் அமர்கிறது. குடியிருப்பு அறைகளின் தளத்திற்கு, ஆட்கள், தட்டுமுட்டுச் சாமான்கள் ஆகியவற்றின் பளுவாகச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ என்று இந்தியத் தர விதி 875-இன் 1987-ஆம் ஆண்டுப் பகுதி வகுத்துள்ளது. இங்கோ அதைப்போல் நான்கு மடங்கு. இதனால் தளம் அன்றே இடிந்து விழும் என்று அஞ்ச வேண்டியதில்லை. 200 கிலோ என்பது அறை முழுவதற்குமாகப் பரவிய கணக்கு. 10 அடிக்கு 12 அடி அறையில் மொத்தம் 2,200 கிலோ ஆகிறது. ஆனால் அதில் ஐந்தில் இரண்டு பங்கை ஒரு மூலையில் குவித்துவிட்டு, எஞ்சிய இடத்தில் அலமாரியும் புத்தகங்களும் விருந்தினரும் இருக்கட்டும் என்று இருந்துவிடுவது அறிவுடைமை ஆகாது. ஆண்டுக்கணக்கில் இடையறாது நிற்கும் பளு தளத்தை மெல்ல மெல்லத் தொய்யச் செய்வதும் உண்டு.

ஆகவே கட்டடப் பொறியியலார் ஒருவரை அழைத்துக் காட்டினர். அவர் முதலில் பார்த்தது தொட்டியின் அளவை அல்ல. உத்திரங்கள் எங்கே செல்கின்றன என்பதை. அறையின் நடுவில் நிற்கும் பளுவைக் காட்டிலும், உத்திரத்தின் மீதோ அதை ஒட்டியோ சுவரோரமாக நிற்கும் பளு தளத்திற்குத் துன்பம் குறைவாகத் தரும். வெளியே நீட்டிக் கட்டிய பால்கனியில் பெரிய தொட்டி வைப்பது அறவே கூடாது. பழைய தில்லியில் இரும்பு உத்திரங்களின் மேல் செங்கற்பலகைகள் பாவிய வீடுகள் இன்றும் உள்ளன. செங்கற்பலகை என்றது அங்கு வழங்கும் சிவந்த மணற்கற் பலகையை. அத்தகைய தளத்தில் தொட்டியை உத்திரங்களுக்கு இணையாக, இரண்டிற்கும் நடுவே வைத்தால், பளு முழுவதும் கற்பலகைகளின் நடுப்பகுதியில் தங்கிவிடும். உத்திரங்களுக்குக் குறுக்காக வைப்பதே முறை. இவை பொதுவாக அறியத்தக்கவை. தம் வீட்டுத் தளம் எத்தகையது என்பதை அவரவரே ஊகித்துவிடாமல், அறிந்தவரைக் கொண்டு பார்ப்பது கீழ்வீட்டாருக்குச் செய்யும் கடமையாகும்.

பொறியியலார் கூறிய யோசனை, தொட்டியின் அகலத்தையும் உயரத்தையும் ஒன்றரை அடியாகக் குறைக்கலாம் என்பது. நீளம் 6 அடியே இருக்கட்டும். நீர் 680 லிட்டரிலிருந்து 382 லிட்டராகக் குறைந்தது. கண்ணாடியின் கனமும் 10 மில்லிமீட்டர் போதுமாயிற்று. எல்லாம் சேர்ந்து 550 கிலோ அளவில் நின்றது. உயரத்தைக் குறைப்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. நீர் கண்ணாடியைத் தள்ளும் வலிமை, தொட்டி எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்ததன்று. எவ்வளவு ஆழம் என்பதையே பொறுத்தது. 2 அடி ஆழத்தில் 6 அடி முன்கண்ணாடியை நீர் ஏறத்தாழ 340 கிலோ வலிமையுடன் வெளியே தள்ளுகிறது. ஆழம் ஒன்றரை அடியாயின் அது 190 கிலோவே. ஆழத்தில் கால் பங்கைக் குறைத்தால் தள்ளுதலில் ஏறக்குறையப் பாதி குறைந்துவிடுகிறது. பெரியவருக்குச் சிறிது ஏமாற்றந்தான். ஆயினும் நாற்காலியில் அமர்ந்து பார்ப்பவருக்கு நீளம் வேண்டுமேயன்றி உயரம் வேண்டியதில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

கட்டும் வேலை ஒரு பகலில் முடிந்தது. விளிம்புகள் தேய்த்து மழுக்கப்பட்ட ஐந்து பலகைகளும், மேல் விளிம்பில் குறுக்கே ஒட்டுவதற்கான பட்டைகளும் வந்தன. அடிப்பலகையைத் தாங்கியின் மீது விரித்த தெர்மோகோல் தகட்டின் மேல் இட்டனர். தாங்கியில் உள்ள சிறு மேடுபள்ளங்களைத் தெர்மோகோல் ஏற்றுக்கொள்ளும். இல்லையேல் ஒரு மணல் பருக்கையே கண்ணாடியைக் கீறிப் பிளக்கப் போதுமானது. நீர்மட்டக் கருவியால் நான்கு மூலைகளும் சரிபார்க்கப்பட்டன. விளிம்புகளைச் சாராயத்தால் துடைத்து, சிலிக்கோனை இடைவெளியின்றி இழைத்து, பலகைகளை நிறுத்தி, ஒட்டுநாடாவால் இறுக்கிக் கட்டினர். குளியலறை இடுக்குகளுக்கென விற்கும் சிலிக்கோனில் பூசணத்தைக் கொல்லும் மருந்து கலந்திருப்பதுண்டு. அது மீனையும் கொல்லும். மீன்தொட்டிக்கு ஏற்றது என்று குறித்திருப்பதையே வாங்க வேண்டும். அப்பசை இறுகும்பொழுது காடி நாற்றம் எழும். சன்னல்களைத் திறந்துவைத்து, பெரியவரை இரண்டு நாட்கள் உள்ளறையில் இருக்கச் சொன்னார்கள்.

பசை காற்றிலுள்ள ஈரத்தை உண்டே இறுகுகிறது. மேற்புறம் ஒரு மணியில் காய்ந்தது போலத் தோன்றினும் உட்புறம் நாட்கணக்கில் மெதுவாகவே இறுகும். குளிர்ந்த வறண்ட பருவத்தில் மேலும் தாமதமாகும். பத்து நாட்கள் பொறுத்திருந்தனர். பொறுமையே இங்கு பெரிய வேலை. ஏனெனில், கடையில் செய்த தொட்டியின் ஒழுக்கைக் கடை முற்றத்திலேயே கண்டுகொள்ளலாம். கூடத்தில் கட்டிய தொட்டியின் ஒழுக்கைக் கூடத்தில்தான் காண நேரும்! இம்முறையின் பெரிய குறை இதுவே. இதற்கு மாற்றாக நீரைப் படிப்படியாக நிரப்ப வேண்டும். முதல் நாள் கால் பங்கு. ஒட்டுகளின் ஓரமாக உலர்ந்த தாளை வைத்துப் பார்த்து, மறுநாள் அரைப் பங்கு. அதன் பின்னரே முழுவதும். வெளியேற்றும் குழாயைக் கையருகில் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். காலையில் நிரப்புவது நன்று; இரவில் நிரப்பிவிட்டு உறங்கச் செல்வது நன்றன்று.

உலகின் மிகப் பெரிய காட்சித் தொட்டிகளும் இவ்வாறே வந்த இடத்தில் உருவாகின்றன. ஜப்பானின் ஒக்கினாவாவில் 2002-இல் திறக்கப்பட்ட சுராவுமி காட்சிச்சாலையின் பெருந்தொட்டிக்கு 22.5 மீட்டர் நீளமும் 8.2 மீட்டர் உயரமும் 60 சென்டிமீட்டர் கனமும் உள்ள அக்ரிலிக் சுவர் அமைந்துள்ளது. அதை ஒரே துண்டாக எந்தச் சாலையிலும் கொண்டுவர இயலாது. பலகைகளாகக் கொணர்ந்து அங்கேயே ஒட்டினர். பெர்லின் நகர் விடுதி ஒன்றின் முகப்புக் கூடத்தில் 10 லட்சம் லிட்டர் நீருடன் நின்ற உருளைத் தொட்டியோ, 2022 டிசம்பர் 16 அன்று விடியுமுன் வெடித்துச் சிதறியது. அங்கிருந்த சுமார் 1,500 மீன்களில் பெரும்பாலானவை மாண்டன. விடியற்காலையாதலால் கூடத்தில் கூட்டமில்லை. இருவர் மட்டுமே காயமுற்றனர். அச்செய்தி வந்த வாரத்தில் கீழ்வீட்டுக்காரர் மீண்டும் ஒருமுறை மேலே வந்து தொட்டியின் ஒட்டுகளைப் பார்த்துச் சென்றார். யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

இடம் குறுகலாக இருப்பவர்கள் செய்யும் வேறொரு பிழையையும் சொல்லிவிடுவோம். சுவரின் பள்ளத்திலே தொட்டியை இழையளவும் இடைவெளியின்றிப் பொருத்திவிடுவார்கள். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும். பிறகு வடிகட்டியின் குழாய் கழன்றால் கை நுழையாது. நிரம்பிய தொட்டியை நகர்த்தவும் இயலாது. பின்புறம் ஒரு கைப்பிடி அகலமும், மேலே ஓரடிக்குக் குறையாமலும் இடம் விடுவது இன்றியமையாதது. மின்கம்பி தொட்டியிலிருந்து நேரே மின்செருகிக்குச் செல்லாமல், நடுவில் தாழ்ந்து வளைந்து பின் மேலேறுமாறு அமைக்க வேண்டும். கம்பி வழியாக வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். தில்லி, நிலநடுக்கத்தை அடிக்கடி உணரும் ஊர். ஆகவே நீரை விளிம்புவரை நிரப்பாமல் இரண்டு மூன்று அங்குலம் விட்டுவைத்ததும், தாங்கியை உயரம் குறைந்ததாகச் செய்ததும் நல்ல யோசனைகளே.

மாற்றல் உத்தரவு வந்தால் என்ன செய்வது? கூடத்தில் கட்டிய தொட்டி கூடத்தை விட்டு முழுதாக வெளியேறாது. மெல்லிய கம்பியாலும் கத்தியாலும் பசையை அறுத்துப் பலகைகளாகப் பிரித்து, புதிய ஊரில் புதிதாக ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். பழைய பசையின் மீது புதுப் பசை பற்றாது. ஒரு துளியும் விடாமல் சுரண்ட வேண்டும். மகனார் அரசு அலுவலர். இதை அறிந்தே இதற்கு உடன்பட்டார்.

நீர் நிறைந்த பின்னும் மீன்கள் உடனே வரவில்லை. மீனின் கழிவில் எழும் அமோனியாவை நஞ்சற்றதாக மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். அந்த ஐந்து வாரமும் பெரியவர் வெறுந்தண்ணீரையும், அதில் அசையும் இரண்டு நீர்ச்செடிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவே தமக்குப் போதும் போலிருக்கிறது என்றும் ஒருநாள் சொன்னார். பிறகு ஆறு ஏஞ்சல் மீன்கள் வந்தன. குளிர்காலத்திற்கென நீரைச் சூடாக்கும் கருவியும் வந்தது. வாரந்தோறும் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுகிறார்கள். 15 லிட்டர் வாளியில் ஐந்து வாளி. மீனின் கழிவு கலந்த அந்நீர் செடிகளுக்கு நல்ல உரம். ஞாயிறு காலையில் அதில் இரண்டு வாளி, மேல்மாடியில் உள்ளவர்களின் துளசிக்கும் ரோஜாவுக்கும் படியேறிச் செல்கிறது.